அளந்த அரிசி, எண்ணிய கலோரி

உடல் எடையைக் குறைக்க ஒருவர் நாளொன்றுக்கு எத்தனை கலோரி உண்ணலாம் என்று கணிப்பதற்கு மூன்று எண்கள் வேண்டும். முதலாவது, அசையாமல் படுத்திருந்தாலும் மூச்சுக்கும் இதயத்துக்கும் உடல் சூட்டுக்கும் செலவாகும் ஆற்றல். இதை அடிப்படைச் செலவு என்பார்கள். இரண்டாவது, நடையும் வேலையும் அந்தச் செலவை எத்தனை மடங்காக்குகின்றன என்ற பெருக்கெண். மூன்றாவது, கிடைத்த மொத்தத்திலிருந்து கழிக்கவேண்டிய அளவு. இன்று கைபேசிச் செயலி நொடியில் போட்டுவிடும் கணக்கு இது. ஆனால் இலங்கையின் மலையகத்தில், நானுஓயாவுக்கு அப்பால் பட்டிப்பொல வரை நீளும் தேயிலை மலைகளில், தலைக்கு இவ்வளவு உணவு என்ற கணக்குக்கு ஒன்றரை நூற்றாண்டு வயது. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் கணக்கைப் போட்டவர் வேறு, உண்டவர் வேறு. கேட்கப்பட்ட கேள்வியும் வேறு: எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் வேலை நடக்கும்?

இந்தக் கணக்கு பாக்குநீரிணைக்கு அக்கரையில் தொடங்குகிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. 1877-இன் தொடக்கத்தில் இந்திய அரசின் பஞ்சத் தூதராக வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு றாத்தல் தானியத்தின் விலையும் அதற்கு மேல் ஓர் அணாவும் போதும் என்று நிர்ணயித்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கோர்னிஷ் இதை எதிர்த்தார். 1863-இலேயே சென்னை மாகாண மக்களின் உணவைப்பற்றி அறிக்கை எழுதியவர் அவர். மண் சுமப்பவனுக்கு ஒரு றாத்தல் அரிசியிலுள்ள நைட்ரஜன் போதாது, குறைந்தது ஒன்றரை றாத்தலாவது வேண்டும், பருப்பும் சேரவேண்டும் என்பது அவர் வாதம். உணவைக் கலோரியில் அளக்கும் வழக்கம் அப்போது இல்லை. புரதத்தை நைட்ரஜனாக எண்ணினார்கள். இன்றைய அளவில் சொன்னால் ஒரு றாத்தல் பச்சை அரிசி 454 கிராம், ஏறத்தாழ 1,600 கலோரி. எடை குறைக்க விரும்பும் ஆணுக்கு இன்றைய வழிகாட்டிகள் பரிந்துரைக்கும் 1,500 முதல் 1,800 வரையான எல்லைக்குள் அடங்கும் அளவு அது. டெம்பிளின் றாத்தல், ஆக, ஓர் எடைக்குறைப்புத் திட்டம். அதை உண்டவர்களிடம் குறைப்பதற்கு எடை இருக்கவில்லை, பகல் முழுவதும் மண்வேலையும் இருந்தது.

கோர்னிஷின் வாதத்துக்குப் பின்னர் அந்த ஆண்டிலேயே கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் சேலம், திருச்சி, மதுரை, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து மக்கள் இலங்கையின் கோப்பி மலைகளை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்கள். 1877-இல் மட்டும் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து இறங்கினர். மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே வந்த அந்தப் பாதையில் செத்தவர்கள் தொகையை எவரும் ஒழுங்காக எண்ணவில்லை.

மலையில் கிடைத்த கூலியின் மையம் அரிசியாகவே இருந்தது. தோட்டத்துரை அரிசியை மொத்தமாக வருவித்துக் களஞ்சியத்தில் வைப்பார். மாதந்தோறும் புசல் கணக்கில் அளந்து போடப்படும். அதன் விலை செக்ரோல் எனும் கூலிப் பதிவேட்டில் கூலியிலிருந்து கழிக்கப்படும். அளவையைப் புரிந்துகொண்டால்தான் பின்னால் வரும் எண்கள் புரியும். ஒரு கொத்து அரிசி இரண்டு றாத்தல். முப்பத்திரண்டு கொத்து ஒரு புசல். ஒரு கொத்தில் ஏறத்தாழ 3,200 கலோரி இருக்கிறது. ஒரு புசலை முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,400. வேலை செய்யும் ஒருவருக்கு இது தாராளம். பிள்ளைகளுக்கும் கிழவர்களுக்கும் பகிர்ந்தால் அரை வயிறு. ஆள் கூட்டிவந்த பெரிய கங்காணியின் முற்பணக் கடனும், கடன் தீர்ந்தால்தான் இன்னொரு தோட்டத்துக்குப் போகலாம் என்ற துண்டு முறையும் இந்த அளவையைச் சுற்றியே சுழன்றன. துண்டு முறை 1921-இல் சட்டப்படி ஒழிந்தது. அரிசிப் பற்று பின்னரும் தொடர்ந்தது.

1869-இல் கோப்பி இலையில் துரு நோய் தோன்றிப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்தப் பயிரைத் துடைத்தெறிந்தது. 1867-இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக்கு அறுவடைக் காலம் மட்டும் ஆள் போதும்; தேயிலைக்கு ஆண்டு முழுவதும், ஏழெட்டு நாளுக்கொரு முறை கொழுந்து எடுக்க ஆள் வேண்டும். எனவே குடும்பங்கள் லயம் எனும் வரிசை வீடுகளில் நிலைத்தன, அரிசியின் தேவையும் நிலைத்தது. மலையக ரயில் பாதையின் வேலை பாதி அரிசியை மேலே ஏற்றுவது, பாதி தேயிலையைக் கீழே இறக்குவது. பாதை 1885-இல் நானுஓயாவை எட்டியது. 1893-இல் பட்டிப்பொல, ஒஹிய வழியாக அப்புத்தளைக்குப் போனது. பட்டிப்பொல நிலையத்துக்குச் சற்று அப்பால் பாதை 6,226 அடி உயரத்தைத் தொடுகிறது; இலங்கையில் ரயில் ஏறும் மிக உயர்ந்த புள்ளி அது. நாற்பத்துநான்கு அடிக்கு ஓர் அடி ஏறும் அந்தச் சரிவில் என்ன பாரத்துக்கு எவ்வளவு நிலக்கரி என்பதை ரயில்வேக்காரர்கள் துல்லியமாக அறிந்திருந்தார்கள். கூடை சுமந்து அதைவிடச் செங்குத்தான மலையில் ஏறிய பெண்ணுக்கு எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று பார்க்க இன்னும் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

உணவையும் நிலக்கரியைப்போல எரித்து அளக்கலாம் என்ற எண்ணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க வேதியியலர் வில்பர் அட்வாட்டர். 1890-களில் அவர் மனிதரை ஓர் அறைக்குள் வைத்து அவர்கள் வெளியிடும் வெப்பத்தை அளந்தார். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு நான்கு கலோரி, கொழுப்பு ஒன்பது கலோரி என்று இன்றைக்கும் பொட்டலங்களில் அச்சாகும் எண்கள் அவரிடமிருந்து வந்தவை. குடும்பங்களின் உணவை ஒப்பிட அவர் ஓர் அளவுகோலும் வைத்திருந்தார்: நடுத்தர வேலை செய்யும் ஆண் ஒன்று என்றால் பெண் 0.8. இந்த 0.8 பின்னால் மீண்டும் வரும்.

1919-இல் ஹரிஸ், பெனடிக்ட் என்ற இருவர் எடை, உயரம், வயது மூன்றையும் கொண்டு அடிப்படைச் செலவைக் கணிக்கும் சூத்திரத்தை வெளியிட்டார்கள். முதல் எண் இவ்வாறு கிடைத்தது. அதற்கு ஓராண்டு முன்னரே, கலிபோர்னியாவைச் சேர்ந்த மருத்துவர் லூலு ஹண்ட் பீட்டர்ஸ், மெலிய விரும்பும் பெண்களுக்காக ஒரு நூல் எழுதியிருந்தார். ரொட்டித் துண்டு என்று சொல்லாதீர்கள், நூறு கலோரி ரொட்டி என்று சொல்லுங்கள் என்ற பாணியில் போகும் அந்த நூல் நாளொன்றுக்கு 1,200 என்ற இலக்கைப் பரப்பியது. தட்டில் மிஞ்சும் அளவுக்கு உணவு இருந்த ஒரு நாட்டில்தான் இந்தக் கேள்வி எழ முடிந்தது.

அமெரிக்க உடல்களில் எடுத்த சூத்திரம் தமிழ் உடலுக்குப் பொருந்துமா என்பதைச் சோதித்த முதல் ஆய்வுகளில் ஒன்று சென்னையில் நடந்தது. மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்த எலினர் மேசன், அதே பெனடிக்டுடன் சேர்ந்து, தென்னிந்தியப் பெண்களின் அடிப்படைச் செலவை அளந்து 1931-இல் வெளியிட்டார். அமெரிக்கச் சூத்திரம் சொன்னதைவிட உண்மைச் செலவு 15 சதவீதத்துக்கும் மேல் குறைவாக இருந்தது. தட்பவெப்பமா, இனமா, உணவா என்று நெடுங்காலம் விவாதம் நடந்தது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 1990-களில் அதைப் பெருமளவு தீர்த்துவைத்தார்கள்: கொழுப்பு நீங்கலான உடல் எடையை, முக்கியமாகத் தசையை, கணக்கில் எடுத்தால் இனவேறுபாடு மறைந்துவிடுகிறது. தென்னிந்திய உடலில் ஒரே எடைக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். வேறுபாட்டின் காரணம் அவ்வளவுதான். எடை குறைக்க முனையும் மலையகத் தமிழருக்கும் இது நேரடியாகப் பொருந்தும். சூத்திரம் சொல்வதைவிட அவர் உடல் சற்றுக் குறைவாகவே செலவழிக்கக்கூடும்.

இன்னொரு தேயிலை மலையான நீலகிரியில், குன்னூரில், ரொபர்ட் மெக்கரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி உணவுகளைக் கொடுத்து வளர்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கிய உணவை உண்ட எலி சராசரி 235 கிராம் எடைக்கு வளர்ந்தது; சோற்றை மையமாகக் கொண்ட சென்னை உணவை உண்டது 155 கிராமில் நின்றுவிட்டது. அவருக்குப்பின் 1935-இல் அங்கே பொறுப்பேற்ற அய்க்ராய்ட், இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை 1937-இல் கையேடாக வெளியிட்டார். இடியப்பத்துக்கும் கீரைக்கும் எத்தனை கலோரி என்று இன்று தேடுவோர் கையில் கிடைக்கும் அட்டவணைகள் பலவற்றின் மூதாதை அந்தக் கையேடு.

சரி, மலையகத்தில் அந்தக் காலத்தில் என்ன நடந்தது? 1927-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை விதித்தது. 1929 சனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். கூடவே, அரிசியைப் புசல் 4 ரூபாய் 80 சதத்துக்கு மேற்படாமல் கொடுக்கவேண்டும். அதாவது கொத்து 15 சதம். கூலியும் அரிசி விலையும் ஒரே சட்டத்தில் கட்டப்பட்டதால், அந்தக் கூலியை நேரடியாகக் கலோரியாக மாற்றிப் பார்க்கலாம். ஆணின் ஒருநாள் கூலிக்கு ஏறத்தாழ மூன்றரைக் கொத்து, 11,000 கலோரிக்கு மேல். பெண்ணின் கூலிக்கு மூன்று கொத்துக்குச் சற்றுக் குறைவு, 9,000 கலோரி. முழுக் கூலியையும் அரிசிக்கே கொடுத்தால்தான் இந்த எண்கள்; துணி, கம்பளி, உப்பு, மிளகாய், கருவாடு, கோயில் வரி, கங்காணியின் கடன், வேலையில்லாத நாள் எல்லாம் இதற்குள் அடங்கவேண்டும்.

இதைவிடக் கவனிக்கவேண்டியது விகிதம். 43-ஐ 54-ஆல் வகுத்தால் கிடைப்பது 0.8; அட்வாட்டர் பெண்ணின் உணவுத் தேவைக்குக் கொடுத்த அதே எண். சட்டம் எழுதியோர் அட்வாட்டரைப் பார்த்து எழுதினார்கள் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. ஆனால் பெண்ணின் வயிறு சிறிது என்ற பொதுநம்பிக்கை இரண்டிலும் ஒரே அளவில் படிந்திருக்கிறது. உண்மையில் தோட்டத்தில் அதிகம் நடந்தவள் அவள்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னரே எழுந்து தேத்தண்ணி வைத்து, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, நாள் முழுவதும் நிரை பிடித்துக் கொழுந்தெடுத்து, மாலையில் விறகும் தண்ணீரும் சுமந்தவளுக்கு இரண்டாவது எண், அந்தப் பெருக்கெண், ஆணைவிடக் கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது. ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலி சமமாக 1984 வரை காத்திருக்க நேர்ந்தது.

இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றதும் 1942-இல் இலங்கை முழுவதும் பங்கீட்டுக்குள் வந்தது. தோட்டத்தின் அளவை நாட்டின் அளவையாயிற்று. கூப்பன் புத்தகமும் கொத்துக் கணக்கும் எல்லார் வீட்டிலும் புகுந்தன. அரிசியின் விலை அரசுகளைக் கவிழ்க்கும் ஆயுதமானது. 1953-இல் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியபோது ஓகஸ்ட் 12-இல் நாடே ஹர்த்தாலில் நின்றது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். 1966 டிசம்பரில் வாரத்துக்கு இரண்டு கொத்து ஒன்றாகக் குறைந்தது, ஆனால் அந்த ஒன்று இலவசம். நாளொன்றுக்கு 900 கலோரி 450-ஆகிவிட்டது என்று பொருள். 1970 தேர்தலில் இரண்டாவது கொத்தை மீட்டுத் தருவதாகச் சொன்னவர்கள் வென்றார்கள். அதற்குச் சந்திரமண்டலம் வரை போகவேண்டியிருந்தாலும் போவோம் என்ற பேச்சு இன்றும் கேலியாக நினைவுகூரப்படுகிறது. இந்த வாக்குப்போட்டியில் மலையகத் தமிழருக்குப் பங்கில்லை. 1948-இன் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது; அடுத்த ஆண்டு வாக்கும் போயிருந்தது. அரிசியின் விலையை வாக்கு தீர்மானித்த நாட்டில், அரிசியை வாங்கியே உண்ணவேண்டிய மக்கள் வாக்கில்லாமல் இருந்தார்கள்.

அதன் விளைவு 1973, 1974-இல் தெரிந்தது. உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது, பங்கீடு குறைந்தது, தோட்டங்களிலும் மாவுக்குத் தட்டுப்பாடு வந்தது. கிராமத்தாருக்கு மரவள்ளியும் பலாவும் வைக்க ஒரு துண்டு நிலம் இருந்தது; லயத்தில் வாசலுக்கு முன்னால் தேயிலை. பட்டிப்பொலப் பக்கத்துக் குளிரில் பலா காய்ப்பதும் இல்லை. 1974-இல் தோட்டப்பகுதியின் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது; குழந்தை இறப்பு தேசிய சராசரியின் இரு மடங்கைத் தாண்டியது. 1979-இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தபோது வருமானம் குறைந்தவருக்கே அது என்றார்கள். தோட்டக் குடும்பத்தின் வருமானம் சதம் பிசகாமல் செக்ரோலில் பதிந்திருந்தது. மற்றவர்களின் வருமானம் அவர்கள் சொன்னதுதான். எனவே பெரும்பாலான லயங்களுக்கு முத்திரை கிடைக்கவில்லை.

இந்தப் பத்தாண்டுகளில்தான் சோற்றின் இடத்தைக் கோதுமை மா பிடித்தது. அமெரிக்க உதவிக் கோதுமையும் மானிய விலை மாவும் அரிசியைவிட மலிவு. 1980-இல் திருகோணமலையில் பிறீமா ஆலை ஓடத் தொடங்கியபின் மா எங்கும் கிடைத்தது. தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து தட்டிச் சுட்ட தடித்த ரொட்டி சுடுசோற்றைவிட மலைக்கு ஏற்றது: துணியில் சுற்றிக் கொண்டுபோகலாம், ஆறினாலும் உண்ணலாம், மத்தியானம் வரை வயிற்றில் நிற்கும். நூறு கிராம் மாவும் முப்பது கிராம் துருவிய தேங்காயும் சேர்ந்த ஒரு ரொட்டியில் 450 கலோரிக்குமேல் இருக்கிறது. 1966-க்குப் பின் அரசு கொடுத்த நாளாந்த இலவச அரிசிக்கு அது சமம். சீனி போட்ட தேத்தண்ணி ஒரு கோப்பை நாற்பது கலோரி. ஐந்து கோப்பையில் இருநூறு.

கொழுந்தெடுக்கும் பெண்ணின் வேலையையும் உடலையும் சேர்த்து அளந்த ஆய்வு 1979-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்தது. எட்கர்ட்டனும் கார்ட்னரும் இலங்கை ஆய்வாளர்களுடன் சேர்ந்து, இரத்தச் சோகையுள்ள தோட்டத் தொழிலாளருக்கு இரும்புச்சத்து கொடுத்துப் பார்த்தார்கள். கொடுக்கப்பட்டவர்கள் எடுத்த கொழுந்தின் அளவு கூடியது. சோகை கடுமையாக இருந்தவர்களிடம் கூடுதலாகக் கூடியது. கொழுந்து ஒருபுறம் இருக்க, அவர்களின் நாளாந்த அசைவும் கூடியது. உணவுக் கணக்கில் பெருக்கெண்ணை நிலையான ஒன்றாக எடுத்துக்கொள்வது வழக்கம்: இன்ன வேலைக்கு இத்தனை மடங்கு. ஆனால் இரத்தத்தில் இரும்பு குறைந்த உடல் தன் அசைவைத் தானே சுருக்கிக்கொள்கிறது. அதே மலையில், அதே நிரையில் நிற்கும் இருவருக்கு வேறுவேறு பெருக்கெண் என்று இந்த ஆய்வு காட்டியது. சோம்பல் என்று கணக்கப்பிள்ளைகள் எழுதியதில் எவ்வளவு சோகை என்பதை இனி யாரும் பிரித்துப் பார்க்க முடியாது.

கலோரி எண் இன்று அரசின் ஏட்டிலும் இருக்கிறது. இலங்கையின் தொகைமதிப்புத் திணைக்களம் 2002-ஐ அடிப்படையாகக் கொண்டு வகுத்த வறுமைக்கோடு, ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,030 கலோரி வாங்கும் செலவின்மேல் நின்றது. இதில் ஒரு முரண் உண்டு. வீட்டுச் செலவுக் கணக்கெடுப்புகளில் தோட்டத்துறையின் தலைக்குரிய கலோரி நகரத்தைவிடக் கூடுதலாக வருவது வழக்கம். ஆனால் 2016-ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் உயரம் குன்றியோர் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டத்தில் 32 சதவீதத்துக்குக் கிட்ட. மாவட்டங்களில் நுவரெலியாவே மிக அதிகம். மாவும் சோறும் சீனியும் கலோரியை நிரப்பிவிடுகின்றன. முட்டை, பால், பருப்பு, மீன் தட்டுக்கு வருவதில்லை. அம்பேவலயில் பால் பண்ணை, நுவரெலியாவில் கரட்டும் லீக்சும் உருளைக்கிழங்கும் மலைமலையாக. விளைந்த இடத்துக்கு அருகில் இருப்பது வாங்கும் சக்திக்கு அருகில் இருப்பதாகாது. 2022 நெருக்கடியில் மா கிலோ 300 ரூபாயைத் தாண்டியபோது, நாட்கூலி 1,000 ரூபாயாக நின்றது.

அதே 2016 கணக்கெடுப்பில் நாட்டின் மணமான பெண்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் அதிக எடையுடையவர்கள். தோட்டத்தில் இந்த வீதம் குறைவு என்றாலும் எடைகூடும் காரணம் அங்கேயும் வந்துவிட்டது. பிள்ளைகள் மலையைவிட்டு ஆடைத் தொழிற்சாலைக்கும் கொழும்புக் கடைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போகிறார்கள். ஓய்வுபெற்ற கொழுந்துப் பெண் லயத்தில் இருக்கிறாள். இளைஞன் முச்சக்கர வண்டியில் உட்கார்ந்திருக்கிறான். ரொட்டியின் பருமன் மட்டும் மாறவில்லை. சிறுவயதில் குறைவாக உண்டு வளர்ந்த உடல் பின்னர் எளிதில் நீரிழிவுக்கு ஆளாகிறது. 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியருக்கு உடல் நிறைச் சுட்டி 23-இலேயே எச்சரிக்கை, 27.5-இல் உயர் ஆபத்து என்று வரையறுத்தது. மேலைநாட்டு எல்லைகள் 25-உம் 30-உம். 2011 முதல் சுகாதார அமைச்சு நடத்தும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் எடையும் இடுப்பளவும் சீனியும் பார்க்கப்படுகின்றன. மலையகத்தில் எடைக் கணக்கு முதன்முறையாக மறுபக்கத்திலிருந்து கேட்கப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு இந்தக் கணக்கின் பலத்தையும் பலவீனத்தையும் காட்டும். 45 வயது, 150 சென்ரிமீற்றர் உயரம், 62 கிலோ எடையுள்ள பெண், சுட்டி 27.6. ஹரிஸ்-பெனடிக்ட் சூத்திரம் அவர் அடிப்படைச் செலவை 1,315 கலோரி என்கிறது. எலினர் மேசன் கண்ட குறைவைக் கழித்தால் 1,120. இன்று பெரிதும் பயன்படும், 1990-இல் வந்த மிஃப்லின் சூத்திரத்தில் எடையைப் பத்தாலும் உயரத்தை ஆறேகாலாலும் பெருக்கிக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கையும், பெண் என்றால் மேலும் 161-ஐயும் கழிக்கவேண்டும், கிடைப்பது 1,170. மூன்று சூத்திரம், மூன்று விடை. நடுவிலுள்ளதை எடுத்துக்கொள்வது நியாயம்.

அடுத்தது பெருக்கெண். உட்கார்ந்த வாழ்க்கைக்கு 1.4 எனக் கொண்டால் மொத்தச் செலவு 1,640. நாள் முழுவதும் கொழுந்தெடுப்பவர் என்று 1.75 எனக் கொண்டால் 2,050. இரண்டுக்கும் இடைவெளி 410 கலோரி, ஏறத்தாழ ஒரு ரொட்டி. ஓய்வுபெற்ற நாளிலிருந்து மெல்லமெல்ல எடை ஏறுவதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. மலைக்குப் போகும் நாளும் போகாத நாளும் கலந்திருப்பவர் இரண்டுக்கும் நடுவே ஓர் எண்ணை எடுக்கவேண்டும். பலர் தம் அசைவைக் கூட்டியே மதிப்பிடுவதால், ஐயம் வந்தால் சிறிய எண்ணே பாதுகாப்பு.

மூன்றாவது எண்ணுக்கு நெடுங்காலம் ஆட்சி செய்தது மக்ஸ் விஷ்னோவ்ஸ்கி 1958-இல் எழுதிய விதி: ஒரு றாத்தல் உடல் கொழுப்பு 3,500 கலோரி, ஆகவே நாளுக்கு 500 குறைத்தால் வாரம் ஒரு றாத்தல் குறையும். உயரமான அமெரிக்க ஆணுக்கு 500 கழிப்பது எளிது. எடுத்துக்காட்டிலுள்ள பெண் வீட்டிலிருப்பவர் என்றால் 1,640-இல் 500 போக 1,140 மிஞ்சும். பெண்ணுக்குக் கீழெல்லையாகப் பொதுவாகக் கொள்ளப்படும் 1,200-க்கும் கீழே. அவ்வளவு குறைந்த உணவில் புரதமும் இரும்பும் கல்சியமும் அடங்கா. ஏற்கெனவே சோகை மிகுந்த இடத்தில் அது தீங்கு. அவருக்கு 300 அல்லது 350 கழித்து ஏறத்தாழ 1,300 என்று வைப்பதே முறை. கொழுந்தெடுப்பவருக்கு 500 கழித்தாலும் 1,550 நிற்கும். இந்தக் குறைப்பை எங்கிருந்து எடுப்பது என்பதில் லயத்துச் சமையல் தெளிவான விடை தருகிறது: ஐந்து கோப்பைத் தேத்தண்ணியின் சீனியில் இருநூறு, ரொட்டியின் மூன்றிலொரு பங்கில் நூற்றைம்பது. பருப்பையும் முட்டையையும் நெத்தலியையும் குறைத்தால் எண் இறங்கும், தசையும் இறங்கும். தசை இறங்கினால் அடிப்படைச் செலவும் இறங்கிவிடும். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் வளரும் பிள்ளைக்கும் இந்தக் கழித்தல் கூடாது. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைத்தால் இரத்தச் சீனி திடீரென்று விழலாம்.

விஷ்னோவ்ஸ்கியின் விதி நீண்டகாலத்தில் பிழைக்கிறது. எடை குறையக் குறையச் செலவும் குறைவதால், அதே 500 கலோரிக் குறைப்பு ஆண்டு முழுவதும் வாரம் ஒரு றாத்தலைத் தராது. கெவின் ஹாலும் உடனாய்வாளர்களும் 2011-இல் லான்செட் இதழில் வேறொரு மதிப்பீட்டைத் தந்தார்கள்: நாளொன்றுக்கு நிலையாக 10 கலோரி குறைத்தால் இறுதியில் ஒரு றாத்தல் குறையும், அந்தக் குறைவில் பாதியை எட்ட ஓராண்டும், ஏறத்தாழ முழுவதையும் எட்ட மூன்றாண்டும் பிடிக்கும். அந்தப் பெண் சீனியால் மட்டும் இருநூறு கலோரியை விட்டால், முடிவில் இருபது றாத்தல், ஒன்பது கிலோ, முதலாண்டில் நான்கரை. நாலைந்து கிலோ குறைந்ததும் புதிய எடையைப் போட்டுக் கணக்கைத் திரும்பச் செய்யவேண்டும். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே தராசில் எடை பார்த்து, நான்கு வாரத்தில் அசைவில்லை என்றால் எடுத்துக்கொண்ட பெருக்கெண் பெரிது என்று கொண்டு அதைக் குறைக்கவேண்டும்.